அம்மாவின் அவரையும் கேமரூன் துரையின் சௌ சௌவும்

2024 ஆனி மாசம் அம்மா எங்களோட இருக்க காக்ஸ் டவுனுக்கு வந்தாங்க. ஒரு சூட்கேஸ், ஒரு வயர்கூடை. கூடைக்குள்ள ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில், உள்ளே கழுத்து வரைக்கும் சாம்பல்! ஒரு நிமிஷம் எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. அப்பா போய் ஆறு மாசம்தான் ஆகியிருந்தது. அம்மா என் மூஞ்சியைப் பார்த்துட்டு, "அசடே, அடுப்புச் சாம்பல்டா. உள்ளே விதை இருக்கு"ன்னாங்க.

பேப்பரை விரிச்சு, சாம்பலைச் சலிச்சு, விதையை எடுத்து எண்ணினேன். (பேங்க்காரன் புத்தி. எதைப் பார்த்தாலும் எண்ணிக் கட்டி ஸ்லிப் போடணும்.) அவரை 23. புடலை 11. பாகல் 14. கொத்தவரை ஒரு கைப்பிடி, அதை எண்ணலை. எல்லாம் லால்குடி பக்கத்துல எங்க வீட்டுக் கொல்லையில அப்பா போட்ட பந்தல்ல இருந்து கடைசியா எடுத்தது. வீட்டை வித்தாச்சு. வாங்கினவர் கொல்லையை இடிச்சு சிமெண்டு தளம் போட்டுட்டார்னு அப்புறம் கேள்விப்பட்டோம். ஆக, கையிருப்பு இவ்வளவுதான். இனிமே வரவு கிடையாது.

அம்மாவுக்கு ஒரு கணக்கு இருந்தது. மார்கழியில அப்பாவுக்கு வருஷாப்தீகம் வருது. நான்தான் பெரிய பிள்ளை, பெங்களூர்லதான் பண்ணணும். சாப்பாட்டுக்கு அவரைக்காயாவது அவர் போட்ட விதையில காய்ச்சதா இருக்கணும். அவ்வளவுதான் ஆசை. "கடையில வாங்கிக்கலாமே அம்மா"ன்னு சொல்லிட்டேன். அம்மா ஒண்ணும் சொல்லலை, பாட்டிலை எடுத்து உள்ளே வெச்சுட்டாங்க. அந்த மௌனம் இருக்கே... வீட்டுக்கு வீடு வாசப்படி, உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்.

அன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுல சௌ சௌ கூட்டு. என் பொண்ணு கேட்டா, "பாட்டி, திவசத்துக்கு இதைப் பண்ணக் கூடாதா?" அம்மா சொன்னாங்க, "அது இங்கிலீஷ் காய்டி. ஆகாது." உடனே அடுத்த கேள்வி: "சௌ சௌ எப்படி பாட்டி இங்கிலீஷ்? இதைத்தானே பெங்களூர் கத்தரிக்காய்னு சொல்வீங்க?"

யாருக்கும் பதில் தெரியலை. பி.காம்ல இதெல்லாம் சொல்லித் தரலை. தேட ஆரம்பிச்சேன். தேடத் தேட, மொட்டை மாடியில தொட்டி வைக்கிற வேலையும் சரித்திரம் படிக்கிற வேலையும் ஒண்ணா சேர்ந்துடுச்சு.

முதல்ல ஒரு விஷயம். நாம இங்கிலீஷ் காய்னு சொல்றதுல ஒண்ணு கூட இங்கிலாந்துல பிறந்தது இல்லை! உருளைக்கிழங்கு, தக்காளி, மிளகாய் மூணும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. பீன்ஸும் அங்கேதான். கேரட்டுக்குப் பூர்வீகம் மத்திய ஆசியா. கோஸும் காலிஃபிளவரும் மத்தியதரைக் கடல் பக்கம். சௌ சௌ மெக்சிகோ, மத்திய அமெரிக்கா. இதெல்லாம் நம்ம சமையல்கட்டுக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே திவசச் சாப்பாட்டுப் பட்டியல் முடிவாயிடுச்சு. அதனாலதான் இன்னிக்கும் அன்னிக்கு மட்டும் மிளகாய்க்குப் பதில் மிளகு. ஒரு விதத்துல பார்த்தா அந்த எலைதான் நம்ம பழைய காய்கறிக் கணக்கோட ஒரிஜினல் லெட்ஜர். அடிச்சுத் திருத்தாம அப்படியே இருக்கு. ஆனா நிறைய வீடுகள்ல சக்கரைவள்ளிக் கிழங்கு மட்டும் உண்டு. அதுவும் அமெரிக்காக்காரன்தான். எப்படியோ ஆடிட்டர் கண்ணுல படாம உள்ளே வந்துடுச்சு போல. இதை அம்மாகிட்ட நான் இன்னும் சொல்லலை, நீங்களும் சொல்லிடாதீங்க.

இப்ப பெங்களூருக்கு வருவோம். 1760 வாக்குல ஹைதர் அலி லால்பாக் தோட்டத்தை ஆரம்பிச்சார். மகன் திப்பு அதைப் பெரிசாக்கினார். திப்புவுக்குச் செடி கொடி மேல அப்படி ஒரு பைத்தியம். 1787-ல பிரான்ஸுக்குப் பதினாறாம் லூயி மன்னர்கிட்ட தூதுக்குழு அனுப்பினாரே, படை உதவி கேட்டு? அந்தக் குழுகிட்ட விதை, செடி, தோட்டக்காரர் எல்லாம் கேட்டு வாங்கிட்டு வரச் சொல்லியிருக்கார். ராஜா மீசையை முறுக்கிக்கிட்டு பீரங்கியும் கேட்கிறார், பூச்செடி விதையும் கேட்கிறார். எனக்கு அந்த மனுஷனைப் பிடிச்சுப் போச்சு.

1799-ல திப்பு விழுந்தப்புறம் தோட்டம் கும்பினியார் கைக்குப் போச்சு. 1800-ல புக்கானன்னு ஒரு டாக்டர் இந்தப் பக்கமெல்லாம் சுத்திப் பார்த்துக் குறிப்பு எழுதினார். தோட்டம் சதுரம் சதுரமாப் பாத்தி பிரிச்சு, நடுவுல நடைபாதை விட்டு இருந்ததையும், சைப்ரஸ் மரமும் திராட்சையும் செழிப்பா வளர்றதையும், ஆப்பிள் பேரிக்கா மரங்கள் நல்லா வர்றதையும் எழுதியிருக்கார். மூவாயிரம் அடி உயரம், குளுகுளு காத்து. வெள்ளைக்காரனுக்கு அப்பவே நாக்குல எச்சில் ஊறியிருக்கணும்.

1809-ல கன்டோன்மென்ட் வந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்துல மலேரியா தாங்காம பட்டாளத்தை இங்கே மாத்தினாங்க. பட்டாளத்தோட நம்ம ஆளுங்களும் வந்தாங்க. சிப்பாய், சமையல்காரர், கணக்கப்பிள்ளை, குத்தகைக்காரர், கொத்தனார்னு மெட்ராஸ் மாகாணத்துல இருந்து ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள். இன்னிக்கும் காக்ஸ் டவுன், ஹலசூர், சிவாஜி நகர்ப் பக்கம் காய்கறிக்காரம்மா தமிழ்ல பேரம் பேசறாங்கன்னா அதுக்கு விதை அங்கே போட்டது. எங்க ஏரியாவுக்கே பேர், காக்ஸ்ங்கிற ஒரு ஐ.சி.எஸ். அதிகாரியோட பேர்தான். பக்கத்துல ஃப்ரேசர் டவுன், குக் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன். அசாயே ரோடு இருக்கு, அது 1803-ல மகாராஷ்டிராப் பக்கம் நடந்த சண்டையோட பேரு. வாடகைக்கு வீடு பார்க்க வந்தப்ப இதெல்லாம் தெரியாது. பேங்குக்கு ஒரே பஸ், மேல மொட்டை மாடி, அவ்வளவுதான் பார்த்தோம்.

ஆனா தமிழ்த் தோட்டக்காரங்க கன்டோன்மென்டுக்கு முன்னாடியே இங்கே இருந்தாங்க, அது தெரியுமா? திகளர்னு ஒரு சமூகம். கன்னடத்துல திகளர்ங்கிற வார்த்தையே தமிழர்களைக் குறிக்கப் புழங்கினதுதான். வன்னிகுல க்ஷத்ரியர்னும் சொல்வாங்க. பரம்பரை பரம்பரையா பூவும் காயும் கீரையும் போடறதுதான் தொழில். ஹைதர் லால்பாக் போட்டப்ப இவங்களை வெச்சுத்தான் போட்டார்னு சொல்றாங்க. சித்திரை பௌர்ணமி ராத்திரி நடக்கிற பெங்களூர் கரகம் இவங்களோடதுதான். தர்மராயர் கோயில்ல இருந்து திரௌபதி அம்மன் கரகம் கிளம்பி, வழியில தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் போயிட்டு வரும். ஒரு தடவை பார்த்திருக்கேன். மல்லிகைப் பூவால அலங்காரம் பண்ணின கூம்பு ஒண்ணு ஆட்டம் போட்டுக்கிட்டே ஜனக்கூட்டத்துக்குள்ள ஓடுது. சிலிர்த்துப் போச்சு.

இவங்க தோட்டங்கள் ஏரியை ஒட்டித்தான். அதுல பெரிசு சம்பங்கி ஏரி. ஊருக்குக் குடிதண்ணியும் அங்கேருந்துதான் கொஞ்சம் போயிட்டிருந்தது. 1890கள்ல ஹெசரகட்டாவில இருந்து குழாயில தண்ணி வந்தப்புறம் ஏரி மேல யாருக்கும் அக்கறை இல்லை. மெல்ல மெல்ல வத்த விட்டு, மண்ணைப் போட்டு மூடி... இன்னிக்கு அங்கே கண்டீரவா ஸ்டேடியம் நிக்குது. ஒரு ஓரத்துல சின்னதா ஒரு குளம் மட்டும் விட்டு வெச்சிருக்காங்க, கரகச் சடங்குக்காக. என் கிளையில இருந்து பார்த்தா நடக்கிற தூரம். எத்தனை வருஷமா அந்தப் பக்கம் போயிட்டு வந்திருக்கேன், அங்கே கத்தரியும் கீரையும் விளைஞ்சதுன்னு நினைச்சுக்கூடப் பார்த்ததில்லை.

கொசுவத்தியைக் கொஞ்சம் நிறுத்தி மாடிக்கு வர்றேன். எங்க கதைக்கும் தண்ணிதான் முதல் பிரச்னை. அந்த வருஷம் மார்ச்சுல பெங்களூர் பட்ட பாடு எல்லாரும் டிவியில பார்த்திருப்பீங்க. போர்வெல் எல்லாம் வறண்டு, குடிதண்ணியைத் தோட்டத்துக்கு ஊத்தினா, காரைக் கழுவினா ஐயாயிரம் ரூபா அபராதம்னு குடிநீர் வாரியம் உத்தரவு போட்டுச்சு. ஜூன்ல மழை வந்து கொஞ்சம் மூச்சு விட்டோம். இருந்தாலும் கீழ்வீட்டு ஓனர் ஆன்ட்டி கண்டிஷன் போட்டுட்டாங்க: குழாயில இருந்து ஒரு சொட்டு செடிக்கு ஊத்தக்கூடாது. அதனால அரிசி களைஞ்ச தண்ணி, காய் கழுவின தண்ணி, ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ற தண்ணி, மூணையும் ஒரு பக்கெட்ல பிடிச்சு மாடிக்குத் தூக்கறது என் வேலை. (ஆர்.ஓ. தண்ணியில உப்பு ஜாஸ்தி. அதைத் தனியா ஊத்தாம மத்ததோட கலந்துதான் ஊத்தணும். ஒரு துளசிச் செடியைப் பலி கொடுத்துத் தெரிஞ்சுகிட்டேன்.)

செம்மண் ரெண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு. பழைய பெயிண்ட் பக்கெட்ல அடியில ஓட்டை. விதையை நேரா பக்கெட்ல போடாம பேப்பர் கப்புல போட்டு, முளைச்சப்புறம் மாத்தலாம்னு திட்டம். ஆடி பிறந்ததும் அம்மா நல்ல நாள் பார்த்து ஊனினாங்க. ஆடிப்பட்டம் தேடி விதைன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்களே. பாதி விதை மட்டும்தான். மீதி ரிசர்வ். இது என் பிடிவாதம். முழு முதலையும் ஒரே நாள்ல லோனா கொடுக்கிற பேங்க் உருப்படாது!

பத்து நாள் ஆச்சு. அவரை 12 போட்டதுல 5 முளைச்சுது. பாகல் ஒண்ணே ஒண்ணு. புடலை பூஜ்யம். முளைச்ச அவரையில ரெண்டு தண்டு அழுகி அப்படியே சாஞ்சுடுச்சு. அம்மா தினமும் காலையில மாடிக்குப் போய் கப்பைப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாம இறங்கி வருவாங்க. ஒருநாள் மட்டும், "இந்த ஊர் ஆடி நம்ம ஊர் ஆடி இல்லைடா"ன்னாங்க.

எவ்வளவு சரி! லால்குடியில ஆடின்னா வெயில் இருக்கும், காத்து இருக்கும், காவிரியில தண்ணி வரும், மண்ணு கதகதன்னு இருக்கும். இங்கே ஆடின்னா நாள் பூரா மூட்டம், சிலுசிலுன்னு தூத்தல், ஸ்வெட்டர். புடலை, பாகல் எல்லாம் சூடு கேட்கிற விதை. குளிர்ந்த ஈர மண்ணுல முளைக்க நாளாகும், அதுக்குள்ள பூஞ்சணம் பிடிச்சுடும். பழமொழி தப்பில்லை. நாங்கதான் பழமொழியை எடுத்துக்கிட்டு அது சொன்ன ஊரை விட்டுட்டு வந்துட்டோம்.

இதே சங்கடம் வெள்ளைக்காரங்களுக்கும் இருந்தது, அதைப் படிச்சப்ப எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்! அவங்க ஊர்ல விதைக்கிற மாசம் மார்ச், ஏப்ரல். அந்த நேரத்துல இங்கே விதைச்சா கருகிடும். மழைக்காலத்துல விதைச்சா அழுகிடும். மழை ஓஞ்சப்புறம் விதைக்கணும்னு புரிஞ்சுக்கவே அவங்களுக்கு நாளாச்சு. 1860கள்ல ஃபர்மிஞ்சர்னு ஒரு பாதிரியார் இதுக்குன்னே இந்தியத் தோட்டக்கலைக் கையேடு ஒண்ணு எழுதினார். அது பல பதிப்பு போச்சு.

அதை விடப் பெரிய தொல்லை விதையே. கப்பல்ல மாசக்கணக்கா உப்புக்காத்துல, புழுக்கத்துல வந்து சேரும்போது பாதி செத்திருக்கும். விதை சாகறதுக்கு ஒரு கணக்கு இருக்கு, கூட்டு வட்டி மாதிரி. விதைக்குள்ள ஈரம் ஒரு சதவீதம் குறைஞ்சா ஆயுசு இரட்டிக்கும். வைக்கிற இடத்துல சூடு அஞ்சு டிகிரி குறைஞ்சாலும் ஆயுசு இரட்டிக்கும்னு விதை சாஸ்திரத்துல ஒரு கைவிதி. ரெண்டும் கூடினா எதிர்ப்பக்கம் அதே வேகத்துல இறங்கும். இங்கிலாந்துல ரெடிங் ஊர்ல 1806-ல ஆரம்பிச்ச சட்டன்ஸ் கம்பெனி இதுக்கு வழி கண்டுபிடிச்சது. நல்லாக் காய வெச்ச விதையைக் காத்துப் புகாத தகரப் பெட்டியில அடைச்சு இந்தியாவுக்கு அனுப்பினாங்க. 1869-ல சூயஸ் கால்வாய் திறந்து பயண நாளும் குறைஞ்சுது. ஓனர் ஆன்ட்டி ஆங்கிலோ இந்தியன். அவங்க பாட்டி காலத்துல காம்பவுண்டு பூரா லெட்டூஸ், பீட்ரூட், டர்னிப்னு சொல்வாங்க. இப்ப அந்தக் காம்பவுண்டுலதான் மூணு கார் நிக்குது.

தகரப் பெட்டி விஷயத்தை அம்மாகிட்ட சொன்னேன். "சாம்பல் போட்டா ஈரத்தை இழுத்துக்கும், வண்டும் வராது. இதுக்கு எதுக்கு தகரம்?"னு கேட்டாங்க. பதில் இல்லை.

இன்னொரு கதை இதைவிட சுவாரசியம். காலிஃபிளவர் இந்தியாவுக்கு வந்தது 1822-ல, வடக்கே சஹாரன்பூர்ல இருந்த கும்பினித் தோட்டத்துக்கு. குளிர்ல மட்டும் பூக்கிற ரகம் அது. நம்ம ஊர் விவசாயிங்க என்ன பண்ணினாங்கன்னா, நூத்துல ஒண்ணு ரெண்டு இந்தச் சூட்டையும் தாங்கிப் பூக்கும் இல்லையா, அதுல மட்டும் விதை எடுத்து, அடுத்த வருஷம் அதைப் போட்டு, திரும்ப அதுல எடுத்து... நூறு வருஷம். 1929-ல அதே சட்டன்ஸ் கம்பெனியோட கல்கத்தா கிளை பாட்னா, பனாரஸ்னு நம்ம ஊர்ப் பேர் வெச்சு காலிஃபிளவர் விதை வித்தது! வெள்ளைக்காரன் கொண்டு வந்த காயை நம்மாளு மாத்தி வெச்சான், அதை வெள்ளைக்காரனே வாங்கி வித்தான். அந்த விவசாயிங்க பேர் எந்தப் புஸ்தகத்துலயும் கிடையாது.

லால்பாக் கதையைப் பாதியில விட்டுட்டேன். நடுவுல கொஞ்ச காலம் அது மேஜர் வா என்கிறவர் கையில இருந்தது. 1836-ல ஒரு தோட்டக்கலைச் சங்கம் எடுத்து நடத்திப் பார்த்து ஆறு வருஷத்துல கடையைக் கட்டிடுச்சு. 1856-ல கிளெக்ஹார்ன் சிபாரிசுல அரசாங்கத் தோட்டமாச்சு. 1858-ல லண்டன் கியூ தோட்டத்துல பயிற்சி எடுத்த வில்லியம் நியூ வந்தார். அவர் இறந்தப்புறம் 1874-ல ஜான் கேமரூன்.

இந்தக் கேமரூன்தான் என் பொண்ணோட கேள்விக்குப் பதில். முப்பது வருஷத்துக்கு மேல லால்பாக்கைப் பார்த்துக்கிட்டவர். கண்ணாடி மாளிகைக்கு 1889-ல அடிக்கல் நாட்டினது இவர் காலத்துலதான். ஊர் உலகத்துல இருந்து பயன்படற செடியா வரவழைச்சு, இங்கே வளருதான்னு பார்த்து, வளர்ந்தா ஜனங்களுக்குக் கொடுக்கறதுதான் அவர் வேலை. எல்லாம் பிழைக்கலை. சௌ சௌ பிழைச்சது, அதுவும் எப்படி! பெங்களூர் குளிரும் செம்மண்ணும் அதுக்கு அப்படியே பொருந்திப் போச்சு. கன்னடத்துல இதுக்கு 'சீமெ பதனேகாயி'ன்னு பேரு, அதாவது சீமைக் கத்தரிக்காய். இங்கேருந்து ரயிலேறி நம்ம ஊர்ச் சந்தைக்கு வந்ததும் பெங்களூர் கத்தரிக்காய் ஆயிடுச்சு. கன்னடக்காரங்களுக்கு அது சீமையில இருந்து வந்தது, நமக்கு பெங்களூர்ல இருந்து வந்தது. மொரீஷியஸ்ல இதையே ஷூஷூன்னு கூப்பிடறாங்க, நம்ம சௌ சௌ காதுல விழற மாதிரியே இல்லை?

இதுல ஒரு வேடிக்கை. விதை கதையா சொல்லிட்டு வர்றேன், ஆனா சௌ சௌவுக்கு விதையைத் தனியா எடுத்து வைக்கவே முடியாது. ஒரு காய்க்கு ஒரே விதை. காய்க்குள்ள இருந்தபடியே முளைச்சு வெளியே தலை நீட்டும். முழுக் காயையும்தான் ஊனணும். காய வெச்சா செத்துடும். தகரப் பெட்டியும் உதவாது, ஹார்லிக்ஸ் பாட்டிலும் உதவாது. அப்ப கேமரூன் காலத்துல அது உயிரோட வந்து சேர்ந்ததே பெரிய விஷயம்தான்.

கேமரூனுக்கு அப்புறம் 1908-ல க்ரும்பீகல்னு ஒரு ஜெர்மன்காரர். பெங்களூர்ல மாறி மாறி பூக்கிற சாலை மரத்துக்கெல்லாம் அவர் பேரைச் சொல்வாங்க. அதுக்கப்புறம் நம்மாளுங்க, ஜவராயா, மரிகவுடா. 1967-ல ஹெசரகட்டாவில தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வந்தது. ஆமா, சம்பங்கி ஏரியை ஓய்வு வாங்க வெச்சுதே, அதே ஹெசரகட்டா. அர்கா அனாமிகா வெண்டை, அர்கா கோமல் பீன்ஸ்னு வாங்கியிருப்பீங்களே, அந்த 'அர்கா' எல்லாம் இவங்களோடதுதான். 2021-ல இவங்க விதையை ஸ்டேட் பேங்க் யோனோ ஆப் மூலமாவே வாங்கலாம்னு ஏற்பாடு வந்தப்ப எங்க ஆபீஸ்ல ஒரே கிண்டல், இனிமே கவுண்டர்ல வெண்டை விதையும் கொடுக்கணுமான்னு.

தனியார்ல முக்கியமான ஒருத்தர் மன்மோகன் அத்தாவர். 1965-ல இங்கே இந்தோ-அமெரிக்கன் விதைக் கம்பெனி ஆரம்பிச்சு, 1973-ல 'கர்நாடகா'ங்கிற ஹைபிரிட் தக்காளியும் 'பாரத்'ங்கிற ஹைபிரிட் குடைமிளகாயும் கொண்டு வந்தவர். விளைச்சல் கொட்டுச்சு, ஊர் பூரா மாறிப் போச்சு. குறை சொல்ல மாட்டேன். மூணு வேளையும் மலிவாத் தக்காளி சாப்பிடறோம்னா அதுதான் காரணம். ஆனா ஹைபிரிட்ல விதை எடுத்துத் திரும்பப் போட்டா அதே காய் வராது. தாத்தா ஜாடை ஒண்ணு, பாட்டி ஜாடை ஒண்ணுன்னு கலந்து வரும். அப்பாவோட அவரை அப்படி இல்லை. அவங்கப்பா போட்டதும் அதேதான்னு அம்மா சொல்றாங்க. அது போச்சுன்னா எந்தக் கடையிலயும் ரீஃபண்ட் கிடையாது.

அதனால ரெண்டாவது தவணையை ஜாக்கிரதையா ஆரம்பிச்சோம். ஆவணி பிறந்து நல்ல வெயில் அடிச்ச ஒரு வாரம். மீதி 11 அவரை, 6 புடலை, 7 பாகல். ராத்திரி வெதுவெதுப்பான தண்ணியில ஊற வெச்சு, பாகல் விதையோட மூக்கை நகவெட்டியால லேசா நறுக்கி, ஈரத் துணியில சுத்தி ஃப்ரிட்ஜ் பின்பக்கம், சூடு வர்ற இடத்துல வெச்சோம். நாலாம் நாள் துணியைப் பிரிச்சப்ப வெள்ளையா வால் விட்டிருந்தது! அவரையில 8. பாகல் 4. புடலை 1. அதை மட்டும் அப்புறம் நத்தை தின்னுடுச்சு. போகட்டும்.

அவரைக்கு இன்னொரு குணம். நாட்டு அவரை எப்ப விதைச்சாலும் பகல் பொழுது சுருங்கினாத்தான் பூ வைக்கும். கார்த்திகை வரைக்கும் வெறும் கொடியும் இலையுமா மாடிக் கைப்பிடியைச் சுத்திக்கிட்டு நிக்கும். இது தெரியாம நான் ஐப்பசியில பூ இல்லையேன்னு உரமா போட்டுத் தள்ளினேன். அக்டோபர்ல வேற ஒரேயடியா மழை, ஊரே மிதந்தது. அப்ப பூத்திருந்தா எல்லாம் உதிர்ந்திருக்கும், நல்லவேளை. கார்த்திகை நடுவுல ஊதாப் பூ. பூ வந்த கையோட கருப்பா அசுவினி. அம்மா அந்த ஹார்லிக்ஸ் பாட்டில் சாம்பலையே எடுத்து, விடிகாலையில இலை ஈரமா இருக்கும்போது தூவினாங்க. முக்கால்வாசி போச்சு.

இங்கேயும் மார்கழியில அவரைக்காய்தான் ராஜா, தெரியுமா? ஊர் பூரா மொச்சையை உரிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. அவரெபேளே மேளான்னு திருவிழாவே உண்டு, தோசையில இருந்து ஜிலேபி வரைக்கும் எல்லாத்துலயும் அதான். ஆடியில ஏமாத்தின ஊர் மார்கழியில லால்குடியோட சேர்ந்துக்கிச்சு.

திவசத்துக்கு முந்தின நாள் பறிச்சோம். தராசுல 640 கிராம். பொரியலுக்குப் போதும். பாகல் ஆறு காய், அதுவும் போதும். வாழைக்காயும் சேனையும் காக்ஸ் டவுன் மார்க்கெட்ல வாங்கினேன். சாஸ்திரிகள் சாப்பிட்டுட்டு, "அவரைக்காய் எங்கே வாங்கினேள்?"னு கேட்டார். அம்மா, "அவர் போட்டது"ன்னு மட்டும் சொன்னாங்க. அவர் மேல கேட்கலை.

கொடியில பெரிய காயா பதினஞ்சைப் பறிக்காம விட்டிருந்தோம். தை கடைசியில நெத்தா காய்ஞ்சு, 47 விதை தேறிச்சு. 23 போட்டு 47. ஓபனிங் பேலன்ஸை விடக் கூடுதல். ஆளுக்குப் பாதியா தம்பிக்கும் கொஞ்சம் கூரியர்ல அனுப்பினேன், அவன் சிங்கப்பூர்ல பதினெட்டாவது மாடியில இருக்கான், முளைக்குமான்னு பார்க்கணும். அங்கே வருஷம் முழுக்கப் பகலும் ராத்திரியும் கிட்டத்தட்ட சமம். பூ எப்ப வைக்கும்னு ஒரு பந்தயம் போட்டிருக்கோம்.

அதே வாரம் காய்கறிக் கூடையில அடியில கிடந்த சௌ சௌ ஒண்ணு வாயைப் பிளந்து, விரல் நீளத்துக்குப் பச்சையா முளை விட்டிருந்தது. குப்பையில போடப் போனேன். அம்மா கையைப் பிடிச்சு நிறுத்தினாங்க. "முளைச்சதைத் தூக்கிப் போடுவியா?"ன்னு கேட்டு, அதை முந்தானையில ஏந்திக்கிட்டு மாடிக்குப் போய், அவரை இருந்த பக்கெட்ல ஊனிட்டு வந்தாங்க.

"இங்கிலீஷ் காயாச்சே அம்மா"ன்னேன்.

"திவசத்துக்குத்தானேடா ஆகாது. கூட்டுக்கு என்ன?"ன்னுட்டு, பக்கெட்டுக்குக் குச்சி நட இன்னொரு மூங்கில் வாங்கிட்டு வரச் சொன்னாங்க.